பிள்ளையின் பிறப்பைப் பதிய விசா எதற்கு?

வெளிநாட்டில் பிறக்கும் இந்தியப் பிள்ளைகளின் பதிவை முடிவு செய்யும் தில்லி அதிகாரிகளுக்கும், வளைகுடா நாடுகளில் அந்த விண்ணப்பங்களை வாங்கும் நம் அதிகாரிகளுக்கும்,

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில், ரோலா பகுதியில், படிவம் தட்டிக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான்கு வயதுப் பையன் ஒருவனின் பிறப்புப் பதிவு விண்ணப்பம் போன வாரம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. மேலே குத்தியிருந்த துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி: பெற்றோரின் செல்லுபடியாகும் விசா நகலை இணைக்கவும்.

அந்தப் பெற்றோருக்கு விசா இல்லை. 2021இலிருந்தே இல்லை. அதனால்தான் ஊருக்குப் போய்விடுகிறோம் என்கிறார்கள். போவதற்குப் பையனுக்கு ஒரு பயணக் காகிதம் வேண்டும். அதற்கு முன்னால் அவன் பிறப்பு நம் நாட்டுக் கணக்கில் ஏற வேண்டும். அதை ஏற்ற வேண்டுமென்றால் விசா நகல் கேட்கிறீர்கள். விசா இருந்தால் அவர்கள் ஏன் என் மேசைக்கு வந்து அழப்போகிறார்கள்?

எந்தக் கவுண்டர், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருப்பவர் தன் முன்னால் இருக்கும் பட்டியலில் டிக் போடுகிறார், அவ்வளவுதான். பட்டியலை எழுதியவர்கள் நீங்கள். அதனால் உங்களிடமே பேசுகிறேன்.

எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. விசா விண்ணப்பம், இந்த நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் படிவம் என்று நாள் முழுக்கத் தட்டுவதுதான் என் வேலை. விசா முடிந்தும் ஊர் போகாமல் இருப்பவர்களை இங்கே தமிழர், மலையாளி, வங்காளி எல்லோருமே 'கல்லிவல்லி' என்பார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சொல். தனி ஆள் கல்லிவல்லி ஆவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவன் எப்படியாவது ஒருநாள் அவுட்பாஸ், அதாவது நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிக் காகிதம், வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவான். குடும்பமாக மாட்டிக்கொள்கிறவர்கள் கதை வேறு. அதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா எடுப்பது பெரும்பாலும் கணவன்தான். அவனுக்கு விசா எடுப்பது கம்பெனி. கம்பெனி படுத்துவிட்டால் அவன் விசா போகும். அவன் விசா போனால் அதில் தொங்கும் எல்லோருடைய விசாவும் போகும். நான் சொல்லும் இந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. பையனின் அப்பாவை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ஏசி சூப்பர்வைசர். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். அவர் மனைவி பி.காம். படித்தவர். மூத்தவள் அப்போது இரண்டாம் வகுப்பு. கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி முதலில் பாதிச் சம்பளம் கொடுத்தது, அப்புறம் வாக்குறுதி கொடுத்தது, கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டது. சம்பளத்தை நம்பி வாங்கிய வங்கிக் கடன் நின்றுபோனது. வழக்கு வந்தது, அவர் பாஸ்போர்ட் எண்ணில் பயணத் தடை விழுந்தது. 2022 ஜனவரியிலிருந்து காசோலை திரும்பினாலே சிறை என்ற நிலை இங்கே பெரும்பாலும் மாறிவிட்டது. ஆனால் கடன் வழக்கில் நீதிமன்றம் போட்ட பயணத் தடை, வழக்கு முடிகிறவரை அப்படியேதான் நிற்கும். ஆக, நாட்டை விட்டுப் போகவும் முடியாது, சட்டப்படி இருக்கவும் முடியாது. அந்த நிலையில்தான் 2021 கடைசியில் இந்தப் பையன் பிறந்தான்.

இன்சூரன்ஸ் இல்லாத பிரசவம். மருத்துவமனை பில்லை அண்ணன் தவணையில் கட்டினார். கட்டி முடித்த அன்று பிறப்பு அறிவிப்புத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். "தம்பி, இது ஒண்ணுதான் இருக்கு, கசங்கிடாம லேமினேட் பண்ணிக் கொடு" என்றார். செய்து கொடுத்தேன். ஐந்து திர்ஹம் கூட வாங்கவில்லை, பிள்ளை பிறந்த சந்தோஷத்துக்கு என்றேன். மூன்று வருடம் கழித்துச் சான்றொப்பத்துக்கு அதைக் கொண்டுபோனபோது, பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை ஏறாது, வேறு தாள் கொண்டுவாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் நகல் வாங்க மூன்று வாரம் ஆனது. என்ன காலத்தில் அந்த மூன்று வாரம் போனது என்பதைக் கீழே சொல்கிறேன். அந்தத் தாளை மெஷினுக்குள் விட்டவன் நான் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த நாட்டு விதிப்படி பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும். அப்பாவுக்கே விசா இல்லாதபோது குழந்தைக்கு எங்கே எடுப்பது? பிறந்த 121ஆம் நாளே அவனும் சட்டத்தை மீறியவன் ஆனான்.

அபராதம் இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹம். பையனை விட்டுவிடுங்கள், அப்பா, அம்மா, மகள் மூன்று பேருக்கு மட்டும் ஒரு நாளைக்கு 150. வருடத்துக்கு 54,750 திர்ஹம். அண்ணன் இப்போது தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய் ஏசி கழுவிக் கொடுக்கிறார், ஃபிரிட்ஜ் தூக்குகிறார். நல்ல நாளில் எழுபது எண்பது திர்ஹம் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க முதுகொடிய உழைத்தாலும் அன்றைய அபராதத்தில் பாதிதான். இப்படிப்பட்ட குடும்பத்திடம் "ஏன் முன்னாடியே கிளம்பவில்லை" என்று கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நாள் ஆக ஆகக் கிளம்புவதற்கான விலை ஏறிக்கொண்டே போகிறது.

என்ன வழி இருக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். அபராதம் முழுவதும் கட்டிவிட்டு, புது ஸ்பான்சர் கிடைத்தால் விசாவைச் சரிசெய்யலாம், இல்லையென்றால் வெளியேறலாம். பணம் இல்லையா, அபராதத்தைக் குறைக்கச் சொல்லிக் குடிவரவுத் துறையில் மனுக் கொடுக்கலாம், மனிதாபிமானக் காரணம் இருந்தால் கேட்டுப் பார்ப்பார்கள். அதுவும் இல்லையா, பிடிபட்டு நாடு கடத்தப்படலாம், அப்படிப் போனால் திரும்பி வரத் தடை விழலாம். இல்லையென்றால் பொதுமன்னிப்புக்குக் காத்திருக்கலாம். ஒவ்வொரு வழியிலும் முதல் படி ஒன்றுதான்: குடும்பத்தில் ஒவ்வொருவர் கையிலும் சொந்த நாட்டுக் காகிதம் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோ, நாம் வெள்ளைப் பாஸ்போர்ட் என்று சொல்லும் அவசரச் சான்றிதழோ, ஏதாவது ஒன்று. அந்த முதல் படியை இந்த நாடு தர முடியாது. நீங்கள்தான் தர வேண்டும்.

அமீரகம் 1996, 2003, 2007 என்று பொதுமன்னிப்பு கொடுத்திருக்கிறது. 2012 டிசம்பரில் தொடங்கி ஒரு முறை, 2018இல் ஒரு முறை. கொரோனா வந்த 2020இல், அந்த வருடம் மார்ச் 1க்கு முன் விசா முடிந்தவர்களுக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. கடைசியாக 2024 செப்டம்பர் 1இல் தொடங்கி, அக்டோபரோடு முடியவேண்டியதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அபராதம் கிடையாது, திரும்பி வரத் தடை கிடையாது, இங்கேயே காகிதம் இல்லாமல் பிறந்த குழந்தைகளும் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். துபாயில் அவீரில் கூடாரம் போட்டு, உட்கார நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நம் அதிகாரிகளும் அந்த மாதங்களில் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள், கூட்டம் கூட்டமாக ஆட்களுக்கு அவசரச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை நான் மறைக்கவில்லை. தனி ஆட்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

இந்தக் குடும்பம் செப்டம்பர் முதல் வாரமே கிளம்பிவிட்டது. அண்ணனுக்குப் பயணத் தடை இருந்ததால் அவர் போக முடியாது என்று தெரிந்துபோயிற்று. சரி, மனைவியும் பிள்ளைகளும் முதலில் போகட்டும், நான் வழக்கை முடித்துக்கொண்டு வருகிறேன் என்றார். அம்மாவுக்கும் மகளுக்கும் காகிதம் தயாராக நாளாகவில்லை. பையனுக்கு முதலில் இந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. லேமினேஷன் செய்த தாள் திரும்பி வந்தது அப்போதுதான். நவம்பரில் சான்றிதழ் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு நம் கவுண்டருக்குப் போனால், பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, தில்லி அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதிக்கு எழுதினார்கள். டிசம்பர் 31 வந்தது, போனது. அனுமதி வரவில்லை.

அன்று இரவு வெளியே புத்தாண்டு வாணவேடிக்கை. அம்மா மட்டும் போயிருக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டா?

ஐயா, அம்மா, சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், தினமும் அந்தப் படிவங்களோடுதான் இருக்கிறேன். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இந்தியக் குடிமகன் ஆக வேண்டுமென்றால், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதியோடு பதியலாம். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் இருக்கும் நாட்டில் அவர்களுக்குச் செல்லுபடியாகும் விசா இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அது எங்கிருந்து பட்டியலுக்குள் வந்தது? அடையாளத்துக்காகச் சேர்த்தது என்றால், பெற்றோரின் இந்தியப் பாஸ்போர்ட் போதாதா? காலாவதி ஆனாலும் அது உங்கள் பதிவேட்டில் இருக்கும் பாஸ்போர்ட்தானே?

இந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை. அமீரகம் பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை தரும் நாடு இல்லை. நாமும் பதியவில்லை என்றால் அந்தப் பையன் எந்த நாட்டுக்காரன்? இரண்டு பக்கமும் தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள், அப்பாவும் அம்மாவும் இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள், ஆனால் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. குழந்தை பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும், பெயருக்கும் நாட்டுக்கும் அதற்கு உரிமை உண்டு என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதில் பெற்றோரின் விசா நிலையைப் பார்த்து என்று எங்கும் இல்லை.

இவர்கள் சட்டத்தை மீறியவர்கள், இவர்களுக்கு எதற்கு இத்தனை இரக்கம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நேர்மையாக ஒன்று ஒப்புக்கொள்கிறேன். விசா முடிந்தும் இருந்தது தப்புத்தான். சிலர் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லி விற்கும் 'ஃப்ரீ விசா'வுக்குப் பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள். சிலர் அசட்டையாக இருந்தவர்கள், சிலர் எப்படியாவது சரியாகிவிடும் என்று நாளைத் தள்ளியவர்கள். எல்லோரும் அப்பாவி என்று நான் வாதாடவில்லை. ஆனால் மீறியது இந்த நாட்டுச் சட்டத்தை. தண்டிப்பதும் மன்னிப்பதும் இந்த நாட்டின் உரிமை. அவர்கள் அபராதம் போட்டார்கள், திரும்பத் திரும்ப மன்னிக்கவும் செய்தார்கள். தங்கள் சட்டத்தை மீறிய குடும்பத்தை அவர்களே போ என்று கதவைத் திறந்துவிட்ட நேரத்தில், நம் கவுண்டரில் அல்லவா அந்தக் குடும்பம் நின்றுவிட்டது? விசா நகல் கேட்கும் வேலையை அவர்கள் செய்யட்டும். நாம் எதற்கு அவர்கள் சார்பில் கேட்க வேண்டும்?

மூத்தவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் போய் நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. விசா இல்லை, எமிரேட்ஸ் ஐடி இல்லை, பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழும் இல்லை. பக்கத்து அறைக் குடும்பத்துப் பெண் இவளைவிட ஒரு வகுப்பு பெரியவள். அந்தப் பெண் முடித்த புத்தகங்கள் வருடா வருடம் இவளிடம் வந்துவிடும். அம்மா கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், நோட்டில் சிவப்பு மையால் திருத்துகிறார், மதிப்பெண் போடுகிறார், கீழே வகுப்பு ஆசிரியர் கையெழுத்து என்று எழுதி அங்கே தானே கையெழுத்துப் போடுகிறார்.

மூன்றாவது விண்ணப்பம் தட்டும்போது அவளும் கடைக்கு வந்திருந்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று மானிட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "மாமா, தம்பி படிவத்துல அப்பா பேர்ல ஒரு எழுத்து குறையுது. பாஸ்போர்ட்ல ரெண்டு இருக்கும். இதுக்கும் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். பார்த்தேன், அவள் சொன்னது சரி. படிவம் எதற்காகவெல்லாம் திரும்பி வரும் என்பது அந்த வயதில் அவளுக்கு அத்துப்படி ஆகியிருக்கிறது. திருத்தினேன். எழுத்துப் பிழை இல்லாமல்தான் போனது. விசா நகல் இல்லை என்று திரும்பி வந்தது.

பையன் பிப்ரவரியில் காதுவலியோடு ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தான். கிளினிக்கில் ஐடி கேட்பார்கள் என்று பயந்து கூட்டிப் போகவில்லை. மேல்மாடியில் இருக்கும் மலையாளி நர்ஸ் சேச்சி டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சரியாகிவிட்டது. சரியாகாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நாங்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். என் மேசைக்கு வரும் வேறொரு தம்பதிக்குக் கல்யாணம் ஊரில் பள்ளிவாசல் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசில் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது, இவர்கள் கல்யாணம் அதற்கு முன்பே நடந்தது. பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கத் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க இருவரும் ஊருக்குப் போக வேண்டும். போனால் பிள்ளையை யாரிடம் விடுவது? இன்னொரு அம்மாவைக் கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், பாஸ்போர்ட்டுகளும் அவரோடு போய்விட்டன. ஒவ்வொன்றும் வேறு வேறு முடிச்சு. ஆனால் எல்லா முடிச்சிலும் பிள்ளையின் பிறப்புப் பதிவு சிக்கிக்கொண்டிருக்கிறது.

இனிப் பணம். இங்கே நான் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம் அனுப்பினால் கட்டணத்தோடு 8 திர்ஹம் சேர்த்து வாங்குகிறீர்கள். இந்தியச் சமூக நல நிதிக்கு. 2009இல் தொடங்கிய நிதி. துப்புரவு வேலை பார்ப்பவரும் கட்டுகிறார், கப்பல் கம்பெனி முதலாளியும் கட்டுகிறார். 2017 செப்டம்பரில் அதன் விதிகளைத் திருத்தி எழுதினீர்கள். தவித்து நிற்பவர்களுக்கு விமானச் சீட்டு, தங்குமிடம், சட்ட உதவி, தொழிலாளி மேல் தப்பில்லை என்று தெரிந்தால் விசா மீறலுக்கான அபராதம் வரை அதிலிருந்து கட்டலாம் என்று இருக்கிறது. நல்ல விதி. ஆனால் என் கடைக்கு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரசீதில் அந்த 8 திர்ஹத்தைக் காட்டி நான்தான் சொல்கிறேன். இந்த அண்ணனும் கேட்டுப் பார்த்தார். கம்பெனி மூடியதற்கு ஆதாரம் கொடு என்றார்கள், கொடுத்தார். அதற்குப் பிறகு முடியும் என்றோ முடியாது என்றோ பதில் இல்லை. மறுத்தால் கூடப் பரவாயில்லை, எழுதி மறுத்தால் மேலே யாரிடமாவது முறையிடலாம்.

சரி, எப்படியோ ஒருநாள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு கெடு இருக்கிறது. 1969ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் பிறந்து அங்கே பதியப்படாத பிள்ளையோடு பெற்றோர் இந்தியாவில் குடியிருக்கத் திரும்பினால், பிள்ளை வந்து இறங்கிய 60 நாளுக்குள் உள்ளூரிலேயே பிறப்பைப் பதியலாம். இதை விமான நிலையத்தில் யாராவது ஒருவர் சொல்கிறார்களா? அவுட்பாஸில் வந்து இறங்கும் குடும்பம் முதல் மாதம் கடன்காரனுக்குப் பதில் சொல்வதிலும் வாடகைக்கு வீடு தேடுவதிலும் போய்விடும். 60 நாள் பறந்துவிடும். பள்ளிக்கூடமும் அப்படித்தான். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பள்ளி அலுவலகத்தில் அதை எடுத்துச் சொல்லும் தைரியம் எல்லா அம்மாவுக்கும் வருமா?

ஆகவே நான் கேட்பது இவைதான்.

பிள்ளையின் பிறப்பைப் பதிவதற்கான பட்டியலிலிருந்து பெற்றோரின் விசா நகலை எடுத்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவரின் இந்தியப் பாஸ்போர்ட், காலாவதியானதாக இருந்தாலும், போதும் என்று எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனை கேளுங்கள், ஊரில் விசாரியுங்கள். அது நியாயம். பெற்றோரால் தரவே முடியாத ஒன்றைக் கேட்காதீர்கள்.

ஓராண்டு தாண்டிய பதிவுகளுக்கு தில்லி அனுமதி கட்டாயம் என்றால் அதற்கு ஒரு கெடு வையுங்கள். முப்பது நாள் என்று நான் கேட்கிறேன். அதற்குள் முடியவில்லை என்றால் அந்த அதிகாரத்தை இங்கிருக்கும் தூதரகத்துக்கே கொடுங்கள். அடுத்து எப்போது பொதுமன்னிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபிறகு கோப்பைத் திறந்தால் போன முறை மாதிரியேதான் ஆகும். இப்போதே, சாதாரண நாளிலேயே, காகிதமில்லாத பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைக் கூப்பிட்டுப் பதிந்து வையுங்கள். வருகிறவர்களைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் தெளிவாக எழுதி வாசலில் ஒட்டுங்கள். அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் உங்கள் வாசலுக்கே வருவதில்லை.

நல நிதியில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே மொழிகளில் கவுண்டரில் ஒட்டுங்கள். கேட்பவர்களுக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில், காரணத்தோடு பதில் கொடுங்கள். கடன் வழக்கில் பயணத் தடை விழுந்த குடும்பங்களுக்காக வங்கியோடு உட்கார்ந்து பேச அந்த நிதியிலிருந்து ஒரு வழக்கறிஞரை நியமியுங்கள். மொத்தக் கடனில் ஒரு பகுதியைக் கட்டினால் முடித்துக்கொள்ள வங்கிகள் சம்மதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தனி ஆளாகப் போய் நிற்பவனிடம் பேச மாட்டார்கள், வக்கீல் கடிதம் போனால் பேசுகிறார்கள்.

தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவுட்பாஸில் பிள்ளைகளோடு வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த 60 நாள் கெடுவைச் சொல்லும் ஒரு தாளைக் கையில் கொடுங்கள். எந்த அலுவலகம் போக வேண்டும், பள்ளியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பள்ளிச் சேர்க்கைக்கு மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த வாரமே வகுப்பில் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். விண்ணப்ப எண்ணை இங்கே எழுதவில்லை, கேட்டால் தருகிறேன். வரும் திங்கட்கிழமை காலை அவன் அம்மா நான்காவது முறையாகப் படிவத்தோடு வருவார். மருத்துவமனை அறிவிப்பு, இந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழி எல்லாம் இருக்கும். அப்பா பெயரில் இரண்டு எழுத்தும் இருக்கும், மூத்தவள் சரிபார்த்துவிட்டாள். விசா நகல் இருக்காது. அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கியதற்கு ஒரு ரசீது கொடுங்கள், என்றைக்கு முடிவு தெரியும் என்று அதில் ஒரு தேதி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரோலாவில் படிவம் தட்டும் ஒருவன்